விடியற்காலையில் கால் எழவில்லையா? குளுக்கோஸ் ஏற்றும் முன் பொட்டாசியம் பாருங்கள் (ஹைப்போகலீமிக் பீரியாடிக் பாராலிசிஸ் இழை)

#1 | வார்டுக்குறிப்பு

இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த இளைஞர் விடியற்காலை நாலு மணிக்கு எழப் பார்க்கிறார், தொடை அசையவில்லை. நினைவு தெளிவு, பேச்சு தெளிவு, கிள்ளினால் வலிக்கிறது. எழுந்து நிற்க மட்டும் முடியவில்லை. வீட்டார் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனால் தெருமுனை கிளினிக்கில் முதல் வைத்தியம், "உடம்பு அசந்திருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்திடலாம்". ரத்தப் பொட்டாசியம் குறைந்து அவ்வப்போது கைகால் விழும் இந்த நோயில் செய்யவே கூடாதது அதுதான்.

குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் தசைச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிவிடும். ரத்தத்தில் மிச்சமிருந்த பொட்டாசியமும் தசைக்குள் போய்விடும். வரும்போது கால் மட்டும் எழாதவருக்குப் பாட்டில் பாதி இறங்குவதற்குள் கையும் எழாமல் போவது இதனால்தான். கூடவே "தெம்புக்கு" என்று டெக்ஸாமெத்தசோன் ஊசியும் போட்டால் இன்னும் கெடுதல், ஸ்டீராய்டே தாக்குதலைத் தூண்டக்கூடியது.

அடிப்படை விவரம்: பரம்பரை வகை ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு. பெரும்பாலும் பத்து, இருபது வயதுகளில் தொடங்கும். தொடை, இடுப்பு, தோள் முதலில் விழும். முகம், விழுங்குதல், மூச்சு பொதுவாகத் தப்பிக்கும், ஆனால் எப்போதும் என்று சொல்ல முடியாது. சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை நீடிக்கும். தூண்டுபவை: மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு, கடும் உழைப்புக்குப் பிறகான ஓய்வு, உப்பு, குளிர், மது, மனப்பதற்றம். கவனிக்க, ஓடும்போது விழமாட்டார்கள். ஓடி முடித்து உட்கார்ந்த பிறகுதான்.

#2 | கேள்விக்காரன்

ஒரு சந்தேகம். வாந்திபேதி வந்தவர்களுக்கும் பொட்டாசியம் 3க்குக் கீழே போகிறது. அவர்களெல்லாம் இப்படிக் கட்டையாகக் கிடப்பதில்லையே. இவர்களுக்கு மட்டும் ஏன்?

#3 | அயனிவழி

நல்ல கேள்வி, நோயின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

சாதாரணத் தசைநார் ஓய்வில் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் நிற்கும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் கீழே போகும். இந்த நோயாளிகளின் தசைநாரோ தலைகீழாக மைனஸ் 60 பக்கம் ஏறி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அந்த மின்னழுத்தத்தில் சோடியம் வாயில்கள் (சோடியம் செல்லுக்குள் நுழையும் வழிகள்) செயலிழந்து பூட்டிக்கொள்ளும். நரம்பு கட்டளை அனுப்பினாலும் தசையில் மின்துடிப்பு எழாது. நரம்பில் கோளாறு இல்லை, உணர்ச்சி கெடாததும் அதனால்தான்.

ஏன் ஏறுகிறது? பெரும்பாலோருக்குப் பிழை இருப்பது CACNA1S என்று எழுதப்படும் கால்சியம் வாயில் மரபணுவில் (தமிழில் சி-ஏ-சி-என்-ஏ-1-எஸ் என்று படித்துக்கொள்ளுங்கள்). 1994இல் கண்டுபிடித்தார்கள். சிறுபான்மையினருக்கு எஸ்-சி-என்-4-ஏ என்ற சோடியம் வாயில் மரபணு. இரண்டிலும் மாற்றம் விழுவது மின்னழுத்தத்தை உணரும் பகுதியின் ஆர்ஜினின் அமினோ அமிலத்தில். ஆர்ஜினின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் வாயிலின் பிரதான துளைக்குப் பக்கத்தில் ஓர் ஊசித்துளை உண்டாகிறது. நேர்மின் அயனிகள் அதன் வழியாக ஓயாமல் உள்ளே கசியும். 2007இல்தான் இந்தக் கசிவை அளந்து காட்டினார்கள். பொட்டாசியம் சரியாக இருக்கும்வரை வெளியே போகும் பொட்டாசிய ஓட்டம் இந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். பொட்டாசியம் குறைந்ததும் அந்த ஓட்டம் தளர்ந்து கசிவின் கை ஓங்கிவிடுகிறது.

#4 | தளப் பொறுப்பாளர்

@அயனிவழி, தள விதிப்படி தமிழ் எழுத்து மட்டும். அடுத்த முறை எழுத்தொலியாகவே போடுங்கள்.

#5 | ஆய்வுக்கூடம்

லேப் பக்கத்துல இருந்து சிலது. இந்த நோய் கோட்டை விடப்படுறது பாதி நேரம் ரத்தம் எடுக்கிற இடத்துலதான்.

கையை இறுக்கிக் கட்டி, விரலை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்லி எடுத்தா பொட்டாசியம் பொய்யா ஏறும். சிவப்பணு உடைஞ்ச சாம்பிள்லயும் அப்படியே. நிஜத்துல 2.6 இருக்கிறது 3.5ன்னு வந்து "நார்மல்"னு போயிடும். ஊதா மூடிக் குழாய்ல இருக்கிற இ.டி.டி.ஏ. பொட்டாசிய உப்பு. அந்தக் குழாயில முதல்ல பிடிச்சுட்டு அதே ஊசியில அடுத்த குழாயை நிரப்பினா பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கித் தெரியும். அதனால எலக்ட்ரோலைட் குழாய் முதல்ல, ஊதா அப்புறம். சாம்பிளை ஃப்ரிட்ஜ்ல வைச்சுட்டு மத்தியானம் ஓட்டாதீங்க, அதுலயும் பொட்டாசியம் வெளியே கசியும்.

ட்ரிப் ஓடுற கையில எடுத்தா எதிர்ப்பக்கப் பிழை, தண்ணி கலந்து பொட்டாசியம் குறைஞ்சு காட்டும்.

முக்கியமானது நேரம். கால் திரும்ப எழுந்த பிறகு எடுத்த ரத்தம் நார்மலாத்தான் இருக்கும். அதை வெச்சு நோய் இல்லைன்னு எழுதக் கூடாது. அவசரத்துக்கு ரத்த வாயு மெஷின்லயே பொட்டாசியம் சில நிமிஷத்துல வந்துடும். முதல் டோஸ் பொட்டாசியம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரத்தமும் சிறுநீரும் ரெண்டும் எடுத்து வைங்க. கொடுத்த பிறகு எடுத்த சிறுநீர் எதையும் சொல்லாது.

#6 | வார்டுக்குறிப்பு

மேலே சொன்ன சிறுநீர் ஏன் என்று விரித்துவிடுகிறேன். "பொட்டாசியம் குறைவு, கைகால் விழுந்தது" என்ற ஒரே தோற்றத்துக்குள் இரண்டு வேறு வேறு நோய்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் பொட்டாசியம் உடம்பைவிட்டுப் போகவில்லை, ரத்தத்திலிருந்து தசைக்குள் இடம் மாறியிருக்கிறது. மற்றதில் உண்மையாகவே சிறுநீர் வழியாகவோ பேதி வழியாகவோ போய்விட்டது. ஒன்றின் வைத்தியம் மற்றதற்கு ஒத்துவராது.

ஒருமுறை எடுத்த சிறுநீரில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் அளந்து வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 13 மில்லிஈக்விவலன்ட்டுக்கு (இனி மி.ஈ.) மேல் பொட்டாசியம் இருந்தால் சிறுநீரகம் ஒழுகவிடுகிறது. குறைவாக இருந்தால் இடமாற்றம், அல்லது குடல்வழி இழப்பு.

அடுத்து ரத்த வாயு. அமிலத்தன்மை கூடி, சிறுநீர் பி.ஹெச். மட்டும் 5.5க்கு மேலேயே நின்றால் டிஸ்டல் ரீனல் டியூபுலார் அசிடோசிஸ் (சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாத நோய்). தென்னிந்திய மருத்துவமனைத் தொகுப்புகளில் இது அபூர்வமே இல்லை. நடுவயதுப் பெண், கண்ணும் வாயும் உலர்வு என்றால் பின்னால் ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று தேடவேண்டும். நம் கிராமப்பக்கம் ஒடுவன்தழை நஞ்சும் இதே மாதிரி பொட்டாசியக் குறைவோடும் அமிலத்தேக்கத்தோடும் வரும், இதயத்தையும் தாக்கும், அதை மறக்க வேண்டாம். காரத்தன்மை கூடியிருந்தால் கிட்டல்மன் (சிறுநீரகம் உப்பையும் பொட்டாசியத்தையும் ஒழுகவிடும் பரம்பரை நோய்), தொடர் வாந்தி, சிறுநீர் பெருக்கும் டையூரெடிக் மாத்திரை. அதோடு ரத்த அழுத்தமும் கூடியிருந்தால் ஆல்டோஸ்டெரோன் (பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும் ஹார்மோன்) மிகை. அதிமதுரம் தினமும் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அதுவும் ஆல்டோஸ்டெரோன் மிகை போலவே நடிக்கும். வாயு இயல்பாக இருந்தால் பீரியாடிக் பாராலிசிஸ் பக்கம் சாயலாம்.

டி.எஸ்.எச். (தைராய்டுப் பரிசோதனை) எல்லோருக்கும். விதிவிலக்கு கிடையாது.

#7 | சுரப்பியல்

விதிவிலக்கு கிடையாது என்றதை அடிக்கோடிடுகிறேன். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஓர் ஆசிய ஆணுக்கு முதல் முறையாக இப்படி வந்தால், பரம்பரை வகையை நினைக்கும் முன் தைராய்டு மிகைச் சுரப்பை நினைக்கவேண்டும். தைராய்டு மிகை பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் இந்த வாதம் வருவோரில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஆண்கள். சீன, ஜப்பானியத் தைராய்டு மிகை நோயாளிகளில் ஏறக்குறைய 2 சதவீதத்தினருக்கு இது வருகிறது, வட அமெரிக்காவில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். பலருக்குக் கழுத்து வீங்கியிருக்காது, கண் பிதுங்கியிருக்காது, எடை இறங்கியதைக் கூடக் கவனித்திருக்கமாட்டார். துப்பு கொடுப்பது நாடி. படுக்கையில் அசையாமல் கிடப்பவருக்கு நாடி 110 ஓடினால் தைராய்டு பாருங்கள்.

இங்கே புரொப்ரனலால் நல்ல மருந்து. கிலோவுக்கு 3 மில்லிகிராம் வாய்வழியாகக் கொடுத்துத் தாக்குதலை முறித்த பதிவுகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாது. தைராய்டு கட்டுக்குள் வரும்வரை தினசரி அளவில் தொடரலாம். தைராய்டு சரியானதும் வாதம் திரும்ப வராது. பரம்பரை வகைக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடை இவர்களுக்குக் கொடுத்தால் பயனில்லை, மோசமாகவும் கூடும்.

#8 | பக்கத்துவீடு

இளநீர் இரண்டு குடித்து, நாலு வாழைப்பழம் சாப்பிட்டால் போதும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே?

#9 | மருந்தாளர்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 39 மில்லிகிராம் பொட்டாசியம் ஒரு மி.ஈ. நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம், அதாவது 10 மி.ஈ. கூடவே 25 கிராம் பக்கம் மாவுச்சத்து. ஒருவருக்கு 40 மி.ஈ. தேவை என்றால் நாலு பழம், 100 கிராம் மாவுச்சத்து. இரண்டு கிண்ணம் சோற்றுக்குச் சமம். தாக்குதல் நேரத்தில் அது குளுக்கோஸ் பாட்டிலின் தம்பி.

இளநீர் பரவாயில்லை. 100 மி.லி.யில் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம், சர்க்கரை பழத்தைவிடக் குறைவு. ஆனாலும் 40 மி.ஈ.க்கு முக்கால் லிட்டர் போகும். வேறு நாளில் குடிக்கட்டும்.

மருந்து என்றால் 10 சதவீத பொட்டாசியம் குளோரைடு சிரப். 15 மி.லி.யில் 1.5 கிராம், 20 மி.ஈ. தண்ணீரில் கலந்து மெதுவாகக் குடிக்கவேண்டும், அப்படியே விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். கசப்பு தாங்காமல் ஜூஸிலோ சர்க்கரைத் தண்ணீரிலோ கலக்கிக் கொடுப்பது வீட்டில் நடக்கும் பெரிய தப்பு. மெதுவாகக் கரையும் 600 மில்லிகிராம் மாத்திரையில் 8 மி.ஈ.தான், அதுவும் மணிக்கணக்கில் கரையும். தாக்குதலுக்கு அது உதவாது.

#10 | வார்டுக்குறிப்பு

அளவு: பரம்பரை வகை என்று தெரிந்தவருக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், முதல் வாய்வழி அளவு கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.ஈ. அரைமணியில் அசைவு தெரியாவிட்டால் கிலோவுக்கு 0.3 மி.ஈ. மறுபடி. 24 மணி நேரத்தில் 200 மி.ஈ. தாண்டக் கூடாது. இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கட்டும். தசை அசையத் தொடங்கியதும் நிறுத்துங்கள், எண் 4ஐத் தொடும்வரை துரத்தாதீர்கள்.

#11 | சுரப்பியல்

தைராய்டு வகைக்கு இந்த அளவு அதிகம். உள்ளே போன பொட்டாசியம் எல்லாம் தாக்குதல் முடிந்ததும் திரும்பி வரும். நாம் கொடுத்ததும் அதோடு சேர்ந்தால் 6, 7 என்று ஏறி இதயத்துக்கு ஆபத்து. முதல் நாளில் 90 மி.ஈ.க்கு மேல் கொடுத்தவர்களிடம் இந்த எதிர்வீச்சு கூடுதலாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. 50க்குள் நிறுத்துவது நல்லது.

#12 | வார்டுக்குறிப்பு

ஒப்புக்கொள்கிறேன். தைராய்டு முடிவு வரும்வரை, முதல் தாக்குதலோடு வந்த ஆணுக்குக் கீழ் அளவில் தொடங்குவதே சரி. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. டியூபுலார் அசிடோசிஸ் ஆளுக்கு 50 மி.ஈ. கொடுத்து நிறுத்தினால் எழவே மாட்டார். அவருக்கு உண்மையான பற்றாக்குறை நூற்றுக்கணக்கான மி.ஈ. இருக்கும், நாள்கணக்கில் நிரப்பவேண்டும். அமிலத்தேக்கத்தைப் பார்த்துப் பதறி முதலிலேயே பைகார்பனேட் ஏற்றினால் பொட்டாசியம் இன்னும் உள்ளே போய் மூச்சுத் தசை நின்றுவிடும். முதலில் பொட்டாசியம், பிறகு பைகார்பனேட்.

#13 | இரவுப்பணி

வாய்வழி முடியாதவர்களுக்கு ரத்தநாளம் வழி (வார்டு வழக்கில் நரம்பு வழி) கொடுக்கும்போது, செவிலியர் கவனத்துக்கு:

ஆம்பியூல் 10 மி.லி., 15 சதவீதம், உள்ளே 20 மி.ஈ. நேரடியாக ஊசியில் ஏற்றினால் இதயம் நிற்கும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் மேலிருந்து குத்திவிட்டால் கனமான கரைசல் அடியில் தங்கி, முதல் சில மி.லி.யிலேயே மொத்தமும் இறங்கிவிடும். பாட்டிலைக் கீழே இறக்கி, மருந்தைச் சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகத் திருப்பிவிட்டுத்தான் மாட்டவேண்டும். கை நரம்பில் லிட்டருக்கு 40 மி.ஈ. வரை, மணிக்கு 10 மி.ஈ. இதற்கு மேல் போனால் நரம்பு எரியும், வீங்கும்.

எதில் கலப்பது? 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ்தான்) கலந்தால் பொட்டாசியம் கொடுத்தும் குறையும். நூல்கள் சொல்வது 5 சதவீத மேனிட்டால். நம் வார்டில் கிடைப்பது 20 சதவீதம், எனவே நடைமுறையில் நார்மல் சலைனில்தான் போகிறது. அதுவும் சிறப்பில்லை, ஆனால் டெக்ஸ்ட்ரோஸைவிட மேல். விழுங்க முடிகிறவருக்கு நரம்பு வழியே வேண்டாம்.

மூச்சு: ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று மணிக்கொரு முறை பாருங்கள். 30 எண்ணியவர் 15க்கு வந்தால் மருத்துவரை எழுப்புங்கள். ஆக்சிஜன் அளவு விழும்வரை காத்திருந்தால் நேரம் போயிருக்கும்.

#14 | கேள்விக்காரன்

இ.சி.ஜி.யில் யு அலை தவிர என்ன பார்க்க? ஜி.பி.எஸ். (நரம்பைத் தாக்கும் கியான்-பாரே நோய்) என்று தவறாகப் போட்டு விலையுயர்ந்த இம்யூனோகுளோபுலின் ஏற்றியதும் உண்டாமே.

#15 | அயனிவழி

கியான்-பாரே நாள்கணக்கில் ஏறும், முகம் விழும், விரல்நுனி மரத்துப்போகும், ஒரே இரவில் வந்து மறுநாள் மறையாது. அனிச்சை இரண்டிலும் போகும் என்பதால் சுத்தியலை நம்பாதீர்கள். மலிவான பொட்டாசியப் பரிசோதனை முதலில்.

இ.சி.ஜி.யில் எஸ்.டி. இறக்கம், தட்டையான டி அலை, யு அலை. இவை பொட்டாசியம் ஏறியதும் போய்விடும். தாக்குதல் இல்லாத நாளிலும் யு அலை துருத்திக்கொண்டிருந்தால், கூடவே சிறிய தாடை, தாழ்ந்த காது, வளைந்த சுண்டுவிரல் இருந்தால் ஆண்டர்சன்-தவில். அது கே-சி-என்-ஜே-2 மரபணு, இதயத் தாளம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

தாக்குதல் இல்லாதபோது உறுதிசெய்ய நீள் உடற்பயிற்சிச் சோதனை இருக்கிறது. சுண்டுவிரல் தசையை 5 நிமிடம் இயக்கவிட்டு, 40, 50 நிமிடம்வரை மின்வீச்சை அளப்பார்கள். 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் பாசிட்டிவ். பழைய காலத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்து வேண்டுமென்றே தாக்குதலை வரவழைத்துப் பார்த்தார்கள். இன்று அதற்கு எந்த நியாயமும் இல்லை.

#16 | பக்கத்துவீடு

தினசரி மாத்திரையும் சாப்பாடும் யாராவது சொல்லுங்களேன். உறவில் கல்யாணம் பண்ணினதால் வந்தது என்கிறார்களே, அதுவும்.

#17 | மருந்தாளர்

அசிட்டசோலமைடு 125 மில்லிகிராமிலிருந்து தொடங்கி 250 வீதம் இரண்டு வேளை வரை பொதுவாக, தேவைப்பட்டால் இன்னும் கூட்டுவார்கள். விரல்நுனி சுருசுருவென்று இருக்கும், சோடா சுவை மாறும், சிறுநீரகக் கல் வரலாம். தண்ணீர் நிறைய. சோடியம் வாயில் வகையினர் சிலருக்கு இது தாக்குதலை அதிகமாக்கும், முதல் வாரங்களில் கவனம். டியூபுலார் அசிடோசிஸ் ஆளுக்கு இதைக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. டைக்ளோர்ஃபினமைடு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 50 மில்லிகிராம் இரு வேளை என்று தொடங்குவார்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தைச் சிறுநீரில் போகவிடாத மாத்திரை) 25 முதல் 100 மில்லிகிராம் மாற்றாகவோ சேர்த்தோ. இதைச் சாப்பிடுகிறவர் "குறைந்த சோடியம் உப்பு" பாக்கெட் வாங்கக் கூடாது. அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளும்.

#18 | தட்டுக்கணக்கு

அரிசியை ஒழிக்கத் தேவையில்லை, ஒரே வேளையில் குவிப்பதைத்தான் நிறுத்தவேண்டும். இரவுச் சாப்பாடு சின்னதாகவும் சீக்கிரமாகவும்: இரண்டு இட்லி, சட்னியைவிட சாம்பார் கூடுதல், முட்டையோ சுண்டலோ. பரோட்டா நாலு, மேலே குளிர்பானம், பிறகு படுக்கை என்பது தாக்குதலுக்கான செய்முறை. கல்யாண வீட்டில் பந்தியில் பாயசத்தை விட்டுவிடுங்கள், சாப்பிட்டதும் படுக்காமல் நடங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையுங்கள். கபடியோ ஜிம்மோ முடிந்ததும் சட்டென்று உட்காராமல் கால்மணி நேரம் மெதுவாக நடந்து ஆறவேண்டும். லேசாகக் கால் கனக்கத் தொடங்கும்போது மெல்ல நடந்தால் சிலருக்கு அங்கேயே கலைந்துவிடும்.

#19 | அயனிவழி

உறவுத் திருமணம்: இந்த நோய் ஓங்குபண்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அத்தை மகளைக் கட்டினாலும் அயலில் கட்டினாலும் ஒன்றே. பெண்களிடம் பிழை இருந்தும் தாக்குதலே வராமல் போவதுண்டு, அதனால் குடும்பத்தில் ஒரு தலைமுறை தாண்டியது போலத் தெரியும். கிட்டல்மனும் பிறவி டியூபுலார் அசிடோசிஸின் பல வகைகளும் ஒடுங்குபண்பு (பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய்), அங்கேதான் உறவுத் திருமணம் கணக்கில் வரும். அசிடோசிஸ் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்றும் சோதியுங்கள்.

நாற்பதுக்கு மேல் தாக்குதல் குறையும், ஆனால் தொடையில் நிரந்தர பலவீனம் மெதுவாகச் சேரலாம். படியேற, தரையிலிருந்து எழக் கஷ்டம் என்றால் "வயசாச்சு" என்று விடாதீர்கள்.

#20 | மயக்கமருந்து

அறுவைக்கு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும். தசை தளர்த்தும் சக்சமெத்தோனியம் தவிர்க்கப்படும். வெறும் வயிற்றுக்காக இரவில் டெக்ஸ்ட்ரோஸ் மாட்டக் கூடாது, தியேட்டர் குளிரில் போர்த்தாமல் விடக் கூடாது, பொட்டாசியம் அறுவைக்கு முன்னும் நடுவிலும் பின்னும். மயக்கம் தெளிந்தும் கைகால் அசையவில்லை என்றால் மருந்து மிச்சம் என்று விடாமல் பொட்டாசியம் பாருங்கள். பல் மருத்துவரிடம் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி கேளுங்கள்.

#21 | பக்கத்துவீடு

அப்ப வீட்டில் சிரப் வாங்கி வைத்து, அடுத்த முறை கால் விழுந்தால் நாமே கொடுக்கலாமா?

#22 | வார்டுக்குறிப்பு

நோய் உறுதியாகி, அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும். பொட்டாசியம் கூடிக் கைகால் விழும் வகையும் இருக்கிறது, அவருக்கு இந்த சிரப் விஷம். பர்சில் ஒரு சீட்டு வையுங்கள்: நோயின் பெயர், சிரப் அளவு, "டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், முதலில் பொட்டாசியமும் இ.சி.ஜி.யும்". தமிழிலும் ஆங்கிலத்திலும். மூச்சு வாங்கினாலோ விழுங்கும்போது புரையேறினாலோ சிரப் கொடுக்காமல் நேராக 108.